இரண்டே மெட்ச் ஆடியவரின் பெயரில் ஒரு ஸ்டேடியம்



எமது பதிவுகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நாம் விளையாட்டைப் பற்றி எழுதுவது குறைவு. வகுப்பறையில் வரலாறு படிப்பிக்கிறோம், அதையேதான் இங்கேயும் எழுதுகிறோம். இன்று எழுதப்போவது ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி. ஆனால் இதுவும் வரலாறுதான். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

அமெரிக்காவின் நடுமேற்கில் அயோவா என்றொரு மாநிலம் இருக்கிறது. சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த சமவெளி. அங்கே ஏம்ஸ் என்ற ஊரில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம். அதன் புட்போல் ஸ்டேடியத்தில் 60,000 பேருக்கு மேல் உட்கார்ந்து போட்டி பார்க்கலாம். அந்த ஸ்டேடியத்தின் பெயர் ஜெக் ட்ரைஸ் ஸ்டேடியம்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் பெரும்பாலும் யார் பெயரை வைப்பார்கள்? கோடிக்கணக்கில் காசு கொடுத்தவர், பல வருடம் வெற்றி தேடித்தந்த கோச், இல்லையென்றால் ஒரு கம்பனி. ஜெக் ட்ரைஸ் இதில் ஒன்றுமே இல்லை. கல்லூரியின் பிரதான அணிக்காக அவர் ஆடியது மொத்தம் இரண்டு மெட்ச். இரண்டாவதில் காயப்பட்டார். இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 21.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஸ்டேடியத்தின் வாசலுக்கு வர 74 வருடங்கள் எடுத்தன. நாம் சொல்ல விரும்புவது அந்த 74 வருடங்களைப் பற்றியும்தான்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கர்கள் புட்போல் என்று சொல்வது எங்கள் பிள்ளைகள் பின்னேரத்தில் ஆடும் உதைபந்து அல்ல. அது ரகரிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். இரண்டு அணியும் நேருக்கு நேர் வரிசையாகக் குனிந்து நிற்கும். நடுவில் இருப்பவர் பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னுக்குக் கொடுத்தவுடன் இரண்டு வரிசையும் மோதும். பந்தை வைத்திருப்பவனை நிலத்தில் சாய்க்கும்வரை ஓட்டம். பிறகு மீண்டும் வரிசை, மீண்டும் மோதல். ரகரில் பந்து இல்லாதவனை மறிக்கக் கூடாது. இதில் மறிக்கலாம். பந்தைக் கொண்டுபோகிறவனுக்கு முன்னால் நாலைந்து பேர் சுவர் மாதிரி ஓடி வழி திறந்துகொடுப்பார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தக் காலத்தில் இது உயிரை எடுக்கும் விளையாட்டு. 1905ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மைதானங்களில் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டிய நிலை. 1906இல் சட்டதிட்டங்களை மாற்றினார்கள், பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள், கூட்டமாகப் பிணைந்து மோதும் முறைகளைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனாலும் 1920களில் ஒரு வீரரின் தலையில் இருந்தது மெல்லிய தோல் தொப்பி. முகத்துக்குக் காப்பு இல்லை. இன்றுபோல தாக்க ஒரு குழு, தடுக்க இன்னொரு குழு என்றெல்லாம் இல்லை. அதே 11 பேர்தான் இரண்டையும் செய்ய வேண்டும். வெளியே வருவது வெட்கம் என்று நினைத்த காலம்.

ஜெக் ட்ரைஸ் 1902 மே மாதம் ஒஹாயோ மாநிலத்தில் ஹைரம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வாப்பா பெயர் கிரீன் ட்ரைஸ். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினத்தவர்களை மட்டும் சேர்த்து உருவாக்கிய படைப்பிரிவுகள் இருந்தன, அதில் சேவை செய்துவிட்டு வந்து விவசாயம் பார்த்தவர். ஜெக்குக்கு ஏழு வயதானபோது வாப்பா இறந்துவிட்டார். உம்மா பெயர் அன்னா. ஒரே பிள்ளை.

ஹைரமில் கறுப்பினக் குடும்பங்கள் மிகவும் அரிது. மகன் வெள்ளைப் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடி, வித்தியாசம் தெரியாமலே வளர்ந்தான். இது நல்ல விடயம்தானே என்று நாம் நினைப்போம். அன்னா அப்படி நினைக்கவில்லை. நாளைக்கு இந்தப் பிள்ளை வெளியே போனால் உலகம் இவனை எப்படிப் பார்க்கும் என்று இவனுக்குத் தெரியாமல் போய்விடுமே என்று பயந்தார். தன்னுடைய இனத்து மக்களோடு வாழ்ந்து, அவர்கள் படும் பாட்டை அறிய வேண்டும் என்று 16 வயதில் கிளீவ்லாண்ட் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். ஒற்றைப் பிள்ளையை, அதுவும் கணவன் இல்லாத நிலையில், இப்படி அனுப்பிய மனத்தை யோசித்துப் பாருங்கள். அவருடைய கணிப்புப் பிழைக்கவும் இல்லை.

கிளீவ்லாண்டில் ஈஸ்ட் டெக்னிக்கல் என்ற பாடசாலையில் சேர்ந்தார். (1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹிட்லரின் கண் முன்னால் நாலு தங்கம் எடுத்த ஜெசி ஓவன்ஸும் பிற்காலத்தில் இதே பாடசாலையில்தான் படித்தார்.) அங்கே புட்போல் கோச் சாம் வில்லமன். 1922இல் வில்லமனுக்கு அயோவா ஸ்டேட்டில் கோச் வேலை கிடைத்தது. போகும்போது தன்னிடம் ஆடிய பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களில் ஒருவர் ஜெக். அந்தக் கல்லூரியின் விளையாட்டு அணியொன்றில் ஆடிய முதல் கறுப்பின மாணவர் அவர்தான்.

படிப்பு கால்நடை வளர்ப்பு. ஏன் அது? படித்து முடித்துவிட்டுத் தெற்கு மாநிலங்களுக்குப் போய், அங்கே கஷ்டப்படும் கறுப்பின விவசாயிகளுக்கு இந்த அறிவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இதே வழியில் அவருக்கு முன்னால் ஒருவர் போயிருந்தார். ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வர். அடிமைத்தனத்தில் பிறந்தவர். 1891இல் அயோவா ஸ்டேட்டின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, அங்கேயே படிப்பித்து, 1896இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகிக்குப் போனார். பருத்தி மட்டுமே போட்டு மலடாகிப்போன மண்ணில் கச்சானும் வத்தாளையும் மாற்றிப் போடச் சொல்லி ஏழை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஜெக் ஏம்ஸுக்கு வந்தபோது கார்வர் உயிரோடு இருந்தார், புகழோடும் இருந்தார். ஒரு கறுப்பின விவசாயக் கல்லூரி மாணவனுக்கு வேறு யார் முன்மாதிரியாக இருந்திருக்க முடியும்?

முதலாம் வருட மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஆகவே 1922 முழுவதும் புதுமுக மாணவர் அணியில் ஆடினார். தடகளத்திலும் இருந்தார், குண்டு போடுதலில் நன்றாகச் செய்தார். இன்றுபோல விளையாட்டு வீரருக்குப் புலமைப்பரிசில் கிடையாது. வேலை செய்துதான் படித்தார். 1923 கோடை விடுமுறையில் கோரா மே என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். அவரும் ஏம்ஸுக்கு வந்தார்.

இந்த இடத்தில் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு சொல். 1896இல் அமெரிக்க உயர் நீதிமன்றமே வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது சட்டப்படி சரி என்று தீர்ப்புக் கொடுத்திருந்தது. வடக்கில் எழுதிய சட்டம் குறைவு. எழுதாத சட்டம் நிறைய. கறுப்பின வீரர் இருந்தால் உங்களோடு ஆட மாட்டோம் என்று சில கல்லூரிகள் சொல்லும். மற்றக் கல்லூரி அந்த ஒரு மெட்சுக்கு அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகும். இதற்குக் 'கனவான்களின் உடன்பாடு' என்று பெயர். பெயரைப் பாருங்கள்! 1920களில் கு க்ளக்ஸ் க்ளான் தெற்கில் மட்டுமல்ல, இந்த நடுமேற்கு மாநிலங்களிலும் பரவியிருந்தது.

எல்லாம் இருட்டாக இருந்தது என்றும் சொல்ல மாட்டோம். அதே அயோவா மாநிலத்தில், அயோவா பல்கலைக்கழகம் என்ற வேறொரு பல்கலைக்கழகத்துக்காக டியூக் ஸ்லேட்டர் என்ற கறுப்பின வீரர் 1918 முதல் 1921 வரை ஆடிப் பெரும் பெயர் எடுத்திருந்தார். ஜெக் ஆடிய அதே இடம்தான், வரிசையில் டெக்கிள். ஸ்லேட்டர் பிறகு தொழில்முறை ஆட்டக்காரராகி, சட்டம் படித்து, சிக்காகோவில் நீதிபதியானார். ஒரே மாநிலம், ஒரே காலம், ஒரே நிறம், ஒரே இடம். ஒருவர் நீதிபதியானார், மற்றவருக்கு இரண்டு மெட்ச்தான் எழுதியிருந்தது.

முதல் மெட்ச் 1923 செப்டெம்பர் இறுதியில், ஏம்ஸிலேயே, சிம்சன் கல்லூரிக்கு எதிராக. அயோவா ஸ்டேட் வென்றது. அடுத்தது ஒக்டோபர் 6, சனிக்கிழமை. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, அவர்களுடைய ஊரான மினியாபொலிஸில். மினசோட்டா அன்று பெரிய அணி.

மெட்சுக்கு முந்திய இரவு, ஒக்டோபர் 5, மினியாபொலிஸில் ஒரு ஹோட்டலின் கடிதத்தாளை எடுத்து ஜெக் ஒரு குறிப்பு எழுதினார். யாருக்கும் அனுப்புவதற்கல்ல, தனக்குத்தானே. நாளைக்குத் தன் வாழ்க்கையின் முதலாவது உண்மையான கல்லூரி மெட்ச் என்றும், அதில் தன் இனத்தின், தன் குடும்பத்தின், தன்னுடைய மானம் தங்கியிருக்கிறது என்றும், எல்லோரும் தன்னிடம் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள், தான் அதைச் செய்வேன் என்றும் எழுதினார். உடலையும் உயிரையும் பாராமல் மைதானத்தில் எறிவேன், பந்து நகரும் ஒவ்வொரு தடவையும் என் பங்குக்கு மேலாகச் செய்யப் பார்ப்பேன் என்று எழுதினார்.

அதற்குக் கீழே ஆட்டத்துக்கான குறிப்புகள். எதிரணி தாக்கும்போது வரிசையை உடைத்து உள்ளே போய் அவர்களுடைய பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். பந்துக்காரனுக்கு முன்னால் கூட்டமாக வரும் தடுப்பாளர்களைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்து, கண்ணைத் திறந்து, ஆட்டம் போகும் பக்கம் பார்த்து மோத வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் விழிப்பாக இருக்க வேண்டும்.

எமது தரம் 10 பிள்ளைகளுக்கு இந்தக் குறிப்பின் சாரத்தைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒருவன், "சேர், சோதினைக்கு முதல் நாள் நான் எழுதி ஒட்டி வைக்கிற மாதிரியே இருக்கு" என்றான். வகுப்பே சிரித்தது. சரியாகத்தான் சொன்னான். அதன் கீழ்ப்பகுதி ஒரு நல்ல மாணவனின் குறிப்பு. எங்களைத் தொந்தரவு செய்வது மேல்பகுதி. அந்த அணியில் மற்றவர்கள் யாரும் தங்கள் இனத்தின் மானத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வரவில்லை. அவர்கள் தோற்றால் ஒரு மெட்ச் தோற்றார்கள், அவ்வளவுதான். ஜெக் பிழைவிட்டால் 'இவர்களால் முடியாது' என்று ஒரு கூட்டத்துக்கே முத்திரை குத்துவார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்களும் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும்போது ஊர் மானம், சமூக மானம் என்று எவ்வளவு இலேசாகச் சொல்லிவிடுகிறோம்! இந்தக் குறிப்பை வாசித்த பிறகு அந்த வார்த்தை எங்கள் வாயில் முன்போல வருவதில்லை.

மெட்ச் தொடங்கி இரண்டாவது மோதலிலேயே ஜெக்கின் காறை எலும்பு உடைந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இருக்கும் எலும்பு. ஏதாவது பிரச்சினையா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி ஆடினார். அந்த எலும்பு உடைந்த நிலையில் கையைத் தூக்குவதே கடினம். அவர் இரண்டாவது பாதிவரை ஆடினார்.

மூன்றாவது கால்பகுதியில் மினசோட்டா பந்தோடு அவர் பக்கமாக வந்தது. முன்னால் சுவர் மாதிரி தடுப்பாளர்கள். முதலில் சொன்னோமே, அந்தச் சுவர். அதை உடைக்க அன்று ஒரு முறை இருந்தது. ஓடிவருகிறவர்களின் கால்களுக்குக் குறுக்காக உடம்பை எறிந்து உருள வேண்டும். சுவர் விழுந்துவிடும், பின்னால் வருபவன் வெளிச்சத்துக்கு வந்துவிடுவான். சரியாகச் செய்தால் வயிறு நிலத்தைப் பார்த்து முடியும். ஜெக் உருண்டு மல்லாந்து முடிந்தார். மூன்று மினசோட்டா வீரர்கள் அவர் வயிற்றிலும் நெஞ்சிலும் மிதித்துக்கொண்டு போனார்கள்.

எழும்பப் பார்த்தார், முடியவில்லை. தாங்கிப்பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மினசோட்டா இரசிகர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் ஏம்ஸ் என்று கோஷமிட்டதாகப் பதிவு இருக்கிறது. மெட்ச் 20க்கு 17 என்று மினசோட்டா வென்றது.

மினியாபொலிஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பார்த்த டொக்டர்கள், பயணம் செய்யலாம் என்றார்கள். ரயிலில் வைக்கோல் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, நண்பர்கள் ஏம்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிறு முழுவதும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. உள்ளே இரத்தக் கசிவு, வயிற்றறையில் அழற்சி. ஒக்டோபர் 8, திங்கட்கிழமை பிற்பகல் இறந்தார்.

அந்த நேரத்தை மனைவி கோரா மே 1988இல், 65 வருடங்களுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். தான் போய்ப் பேசியபோது ஜெக் தன்னைப் பார்த்தார், ஆனால் ஒன்றும் பேசவில்லை என்கிறார். வளாகத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் மூன்று அடித்தது காதில் விழுந்தது, அவர் போய்விட்டார். கலியாணம் முடித்துச் சில மாதங்கள்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை வகுப்புகளை நிறுத்தினார்கள். வளாகத்தின் நடுப் புற்றரையில் கல்லூரி நிறங்களான சிவப்பும் பொன்னிறமும் போர்த்திப் பெட்டியை வைத்தார்கள். 3,000க்கு மேற்பட்டோர் கூடினார்கள். அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும்போது அவருடைய கோட்டுப் பையில் அந்த ஹோட்டல் கடிதத்தாள் கிடைத்தது. கல்லூரித் தலைவர் ரேமண்ட் பியர்சன் அதை எல்லோருக்கும் வாசித்துக்காட்டினார். மாணவர்களும் மற்றவர்களும் 2,259 டொலர் சேர்த்தார்கள். அடக்கச் செலவுக்கும் உம்மாவின் ஈட்டுக் கடனுக்கும் அது போனது. ஜெக்கை ஹைரமுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

பிறகு அன்னா கல்லூரித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெக்கின் வாழ்க்கை இனி ஏம்ஸுக்கு வரும் கறுப்பின மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்குமென்றால் அவன் வீணாக வாழ்ந்து வீணாகச் சாகவில்லை என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல நினைவுரை. அன்னா நிறுத்தவில்லை. மகனுக்குக் கிடைத்த மரியாதையில் பெருமைதான், ஆனால் எனக்கென்று இருந்தது அவன் ஒருவன் மட்டும்தான், எனக்கு வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறேன், இனி வரும் காலம் வெறுமையாகத் தெரிகிறது என்று எழுதினார். மானத்தைப் பற்றி மகன் எழுதியதையும் இதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டுமென்றே செய்தார்களா? கறுப்பன் என்பதற்காக மிதித்தார்களா?

இதற்குத் தீர்வு கிடைக்கவில்லை. அன்று மைதானத்தில் இருந்தவர்களே இரண்டு விதமாகச் சொன்னார்கள். வேண்டுமென்றே என்றார்கள் சிலர். அந்த விளையாட்டில் அப்படித்தான் நடக்கும், அவர் செய்த முறையே ஆபத்தானது என்றார்கள் வேறு சிலர். மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது அவர்களுக்குக் கோபம். "வேண்டுமென்றேதான் சேர்" என்று உறுதியாகச் சொன்னார்கள். சொல்லத்தான் எங்களுக்கும் மனம் வருகிறது. ஆனால் சாட்சி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் நாமும் போகலாம். அந்த மூன்று பேரின் மனத்தில் என்ன இருந்தது என்பதைத் தெரிந்தவன் அல்லாஹ் ஒருவன். கனவான்களின் உடன்பாடு இருந்ததும், உடைந்த எலும்போடு வெளியே வராமல் நின்றதும், முந்திய இரவு அவர் எழுதியதும் சந்தேகமில்லாத விடயங்கள். அநியாயத்தை விளங்கிக்கொள்ள அவையே போதும், மிகைப்படுத்தத் தேவையில்லை. அயோவா ஸ்டேட்டும் மினசோட்டாவும் அதற்குப் பிறகு 1989வரை புட்போலில் மோதவே இல்லை.

இனி மறதியின் கதை. கல்லூரி ஜிம்னேசியத்தில் கடிதத்தின் வாசகத்தோடு ஒரு வெண்கலப் பலகை பதித்தார்கள். வருடங்கள் போயின. படித்தவர்கள் வெளியேறினார்கள், புதியவர்கள் வந்தார்கள், பலகையில் தூசி படிந்தது. 1950களில் அந்தப் பக்கம் போன ஒரு மாணவர் பலகையை வாசித்துவிட்டு, யார் இந்த ஜெக் ட்ரைஸ் என்று தேடி ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் அடங்கிவிட்டது.

1973இல் பல்கலைக்கழகம் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் முதலாம் வருட ஆங்கில வகுப்பொன்று இந்தக் கதையைத் தங்கள் ஆய்வு வேலையாக எடுத்தது. ஆங்கில வகுப்பு என்பதைக் கவனியுங்கள், விளையாட்டுப் பிரிவு அல்ல. பழைய பத்திரிகைகளைப் புரட்டினார்கள், பதிவேடுகளைத் தேடினார்கள், உயிரோடு இருந்தவர்களுக்கு எழுதினார்கள். பிறகு கேட்டார்கள்: புது ஸ்டேடியத்துக்கு இவர் பெயரை ஏன் வைக்கக் கூடாது? 1974இல் மாணவர் ஒன்றியம் ஏகமனதாக அதை ஆதரித்தது.

நிர்வாகம் இழுத்தடித்தது. 1975இல் ஸ்டேடியம் திறந்தபோது அதை சைக்ளோன் ஸ்டேடியம் என்றுதான் அழைத்தார்கள். சைக்ளோன் என்பது அவர்களுடைய அணிப் பெயர். இரண்டு மெட்ச் ஆடியவருக்கு இவ்வளவு பெரிய கௌரவமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் படும். வெற்றிகளின் கணக்கை மட்டும் பார்த்தால் அவருக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி.

மாணவர்கள் விடவில்லை. ஒரு மாணவன் நாலு வருடத்தில் வெளியேறிவிடுவான். நிர்வாகம் அங்கேயே இருக்கும். ஆறப்போட்டால் சத்தம் அடங்கிவிடும் என்பது நிர்வாகங்களுக்கு எங்கேயும் தெரிந்த கணக்கு. இங்கே கணக்குப் பிழைத்தது. ஒரு கூட்டம் போகும்போது அடுத்த கூட்டத்திடம் கதையை ஒப்படைத்துவிட்டுப் போனது. 1984இல் பல்கலைக்கழகம் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தது: கட்டடம் சைக்ளோன் ஸ்டேடியம், உள்ளே இருக்கும் புற்றரைக்கு மட்டும் ஜெக் ட்ரைஸ் பெயர். அரைக் கொத்து அரிசி கொடுத்து வாயை மூடப் பார்த்த மாதிரி. மாணவர் ஒன்றியம் தன் முயற்சியில் காசு சேர்த்து 1988இல் ஒரு சிலையை நிறுத்தியது. கோரா மே அந்தக் கடிதத்தை எழுதியதும் அந்த வருடம்தான்.

1997இல்தான் பல்கலைக்கழகம் முழு ஸ்டேடியத்துக்கும் ஜெக் ட்ரைஸின் பெயரை வைத்தது. அமெரிக்கக் கல்லூரிப் புட்போலின் உச்சப் பிரிவில் ஒரு கறுப்பினத்தவரின் பெயரைத் தாங்கிய முதல் ஸ்டேடியம் அது. ஆங்கில வகுப்பில் 18 வயதில் அந்த ஆய்வைச் செய்த பிள்ளைகளுக்கு அப்போது 40 தாண்டியிருக்கும்.

2023 ஒக்டோபரில் நூறு வருடம் நிறைவாகியது. அந்த நினைவு நாட்களில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் அவர் முடிக்க முடியாமல் போன பட்டத்தை அவருக்கு வழங்கியது. புட்போலுக்காக அல்ல, தெற்கு விவசாயிகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் படிக்க வந்த அதே பாடத்தில். கால்நடை வளர்ப்பு.